எழுபத்தொரு ஒன்று

கோவிந்தராஜ் கொடுத்த பார்சல் ஈரமாக இருந்தது.

போர்ட் பிளேரில் மூன்று நாட்களாக ஒரு தூறல்கூட இல்லை. டிசம்பர் வெயில் பீனிக்ஸ் பே ஜெட்டியின் சிமெண்டுத் தரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. லாங் ஐலண்டிலிருந்து வந்த போட்டில் மூட்டைகளும் கோழிக்கூடைகளும் பாக்குச் சாக்குகளும் உலர்ந்தபடி இறங்கிக்கொண்டிருக்க, சொக்கலிங்கத்தின் கையில் இருந்த பழுப்புத் தாள் பொட்டலம் மட்டும் விரலில் ஒட்டியது. சேற்று வாசனை. அலையாத்தி வேர்களுக்கு அடியில் தண்ணீர் வற்றும்போது எழும்புமே, அந்த வாசனை.

"யாரு குடுத்தாங்க?"

"மாலூம் நஹி, தெரியாது சார்." கோவிந்தராஜ் அந்தப் போட்டில் கயிறு போடுகிறவன். தீவுக்காரர்கள் தபாலை நம்புவதில்லை, அவனைப் போன்றவர்களைத்தான் நம்புவார்கள். "பின்னாடி சீட்ல கெடந்துச்சு. மேல உங்க பேரு, போன் நம்பரு. முன்னாடியும் இப்படித்தானே வரும்? அதான் எடுத்து வச்சு போன் போட்டேன்."

"முன்னாடி அனுப்புன பொண்ணு..."

"ஆமா சார்." அவன் கயிற்றைப் பார்த்தான். "இதே மாதிரி ஒரு பார்சல என் கையில நீட்டும்போதுதான் வழுக்கினது. போட்டுக்கும் ஜெட்டிக்கும் நடுவுல. பார்சல் என் கைக்கு வந்துடுச்சு சார். பொண்ணு வரல."

அது ஆகஸ்டில். மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது என்று சொல்லியிருந்தார்கள். சொக்கலிங்கம் பொட்டலத்தைப் பைக்குள் தள்ளிக்கொண்டு, வெயிலில் வேர்க்க வேர்க்க, யாரோ பின்னால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று பயந்தவர் போல நடந்தார்.

குட்வில் எஸ்டேட் வீட்டில் ஆள் இல்லை. மகள் ப்ரியங்காவின் பிரசவத்துக்காக மனைவி ருக்கு மெயின்லேண்ட் போயிருந்தாள். முன்னறையில் இரண்டு பெஞ்சு, ஒரு கரும்பலகை. கல்லூரி நேரம் போக அவர் டியூஷன் எடுக்கிற இடம். அரையாண்டு விடுமுறை, பிள்ளைகளும் இல்லை. மேஜையில் வைத்துப் பொட்டலத்தைப் பிரித்தார். நூறு பக்க நோட்டு. உள்ளே பென்சிலில் நெருக்கமாக வகுத்தல் கணக்கு. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரே எண். எழுபத்தொரு ஒன்றுகள், பக்கத்தில் பக்கத்தில், வேறு இலக்கமே இல்லாமல்.

அந்தக் கையெழுத்தை அவருக்குத் தெரியும். எப்படித் தெரியாமல் போகும்?

போன வருஷம் ஜனவரிக் கடைசியில் தொடங்கியது இது. நினைக்கும்போதெல்லாம் காது மடல் சூடாகிவிடும் அவருக்கு. வகுப்பில் பகா எண்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், எதனாலும் வகுபடாத பெரிய எண்ணுக்கு உதாரணம் என்று பலகையில் பதினொரு ஒன்றுகளை வரிசையாக எழுதினார். 11111111111. "இது பகா எண். எழுதிக்குங்க." சரிபார்க்கவில்லை. இருபத்தாறு வருஷ சர்வீஸ், யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

பத்தாம் நாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலிருந்து சுனாமிக்குப் பிறகு லாங் ஐலண்டுக்கு வந்து ஒண்டிய குடும்பம். ஹாஸ்டல் பிள்ளைகளை அவர் தீவின் பெயரால்தான் கூப்பிடுவார். இவள் அவருக்கு "லாங் ஐலண்ட்", அவ்வளவுதான்.

"சார், அது பகு எண் சார். இருபத்தோராயிரத்து அறுநூத்தி நாப்பத்தொம்பதால வகுபடுது. ஒவ்வொண்ணா வகுத்துப் பாத்தேன் சார்."

யாரோ போனில் தட்டிப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. வகுப்பு சிரித்தது. அவளைப் பார்த்து இல்லை, அவரைப் பார்த்து. அந்த இடத்தில் "சபாஷ்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரும் பெரிய மனிதராகியிருப்பார். சொல்லவில்லை. ஸ்டாஃப் ரூமுக்குப் போனார், போனில் தேடினார், சிவப்புப் பேனாவால் டைரியில் எதையோ குறித்துக்கொண்டார், திரும்பி வந்து பலகை முழுக்க எழுபத்தொரு ஒன்றுகளை எழுதினார்.

"அவ்வளவு கெட்டிக்காரியா நீ? இதுவும் பகு எண்தான். இதை மீதியில்லாம வகுக்கிற எண்ணைக் கண்டுபிடிச்சுட்டு வா. அதுவரைக்கும் என் வகுப்பு வாசப்படியை மிதிக்கக் கூடாது."

அதன் மிகச் சிறிய காரணியே முப்பது இலக்கம். 241573 என்று தொடங்கும். உலகத்திலுள்ள எல்லா மனிதர்களும் உட்கார்ந்து கையால் வகுத்தாலும் ஆயுசுக்குள் அந்த எண்ணுக்கு வந்து சேர முடியாது. அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தார். என்றாவது அவள் தோற்றுப்போய்த் தலை குனிந்து நிற்கும்போது டைரியைத் திறந்து விடையை வாசித்துக் காட்டவேண்டும் என்று ஆசை.

அவள் தோற்றுப்போகிற சாதி இல்லை. ஒரு மாதம் வகுப்புக்கு வெளியே வராந்தாவில் நின்றபடியே பாடம் கேட்டாள், நின்றபடியே வகுத்தாள். அவர் தினமும் அவளைத் தாண்டித்தான் உள்ளே போனார். ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று, "மே ஐ கம் இன், சார்?" என்பாள். "விடை?" என்பார். தலையாட்டுவாள். அட்டெண்டென்ஸ் போதாமல் ஹால் டிக்கெட் நின்றது, ஊருக்குப் போய்விட்டாள். அப்புறம் போட்டில் நோட்டுகள் வர ஆரம்பித்தன. அட்டையில் ஒரே வரி: "இன்னும் கிடைக்கலை சார்." அவர் ஒவ்வொன்றையும் பீரோவில் போட்டுப் பூட்டினார். போதும் விடு என்று ஒரு போன் போட்டிருக்கலாம். அது தன் தவறை ஒப்புக்கொண்டதாகிவிடும் இல்லையா? போடவில்லை.

இப்போது பீரோவைத் திறந்து பழைய நோட்டுகளில் கடைசியானதை எடுத்தார். ஆகஸ்டில் கோவிந்தராஜ் கைக்கு வந்து சேர்ந்தது. நாற்பத்தோராயிரத்துச் சொச்சத்தில் அவள் நின்றிருந்தாள். ஈர நோட்டின் முதல் பக்கம் அதற்கு அடுத்த பகா எண்ணில் தொடங்கியது.

பழைய நோட்டாக இருக்கும், வீட்டில் கிடந்ததை அப்பா அனுப்பியிருப்பார் என்று தனக்கே சொல்லிக்கொண்டு புரட்டினார். இருபதாம் பக்கத்தில் ஓரமாக ஒரு குறிப்பு. "சார், 71-ஆல் வகுத்தால் மீதி ஒன்று வருகிற எண்களை மட்டும் பார்த்தால் போதும். சரியா சார்?"

சொக்கலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதை அவர் சொல்லித் தந்ததில்லை. எந்தப் பாடத்திலும் இல்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, வாத்தியார் என்கிற மனுஷன் அவருக்குள் துள்ளி எழுந்தான்.

"சரிதாம்மா," என்றார் வாய்விட்டு, வெறும் அறையில். அடுத்த நொடியே வெட்கமாக இருந்தது. யாரிடம் சொல்கிறார்?

அதற்கப்புறம் வகுத்திகள் ஓடின. ஆறு இலக்கம், ஏழு. கடைசிப் பக்கத்தில் ஒன்பது இலக்கம். பென்சில் அழுத்தத்தில் தாள் கிழிந்திருந்த இடங்களில் நுண்ணிய மணல்.

மறுநாள் காலையில் அவளுடைய அப்பா வெள்ளைச்சாமிக்கு போன் செய்தார்.

"நோட்டுங்களா சார்?" அந்தக் குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. "எழுதுனது பூரா ஒங்களுக்குத்தானே வந்துச்சுங்க. ரங்கத் பஜார் கடையில வாங்கின வெத்து நோட்டு அஞ்சு கெடந்துச்சு. இனிமே அதுல யாரு எழுதப் போறா? தலமாட்டுல வச்சுப் பொதச்சுட்டோமுங்க. பென்சிலயுந்தான்."

சொக்கலிங்கம் ஈர நோட்டை மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினார்.

"சார், ஒண்ணு கேக்கலாமுங்களா? அந்தக் கணக்குக்கு நெசமாவே விடை இருக்குதுங்களா? புள்ள சொல்லிக்கிட்டே கெடந்துச்சு, விடை கெடச்சதும் சார் வகுப்புல சேத்துக்குவாருன்னு."

டைரி அவர் முன்னால் மேஜையில்தான் இருந்தது. பிப்ரவரி ஒன்பதாம் தேதிப் பக்கம். சிவப்பு மையில் முப்பது இலக்கம்.

"ஞாபகம் இல்லப்பா," என்றார். "அது சும்மா ஒரு கணக்கு."

இரண்டாவது நோட்டு சனிக்கிழமை வந்தது. முதல் பக்கத்தில் கணக்கு இல்லை. "நன்றி சார்," என்று மட்டும் இருந்தது.

அவர் அதை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலில் போய் நின்றார். வெறும் அறையில் சொன்ன ஒரு வார்த்தை லாங் ஐலண்டு மண்ணுக்கு அடியில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்படியானால் இன்னொரு வார்த்தையும் சேரும். மன்னிச்சிடு என்று சொல்லிப் பார்க்கலாம். தொண்டை வரை வந்தது. எதிர் வீட்டுச் சந்திரமதி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தனியாகப் பேசுகிறார் என்று நினைப்பாளே என்று விழுங்கிக்கொண்டார். சிரிப்புக்குப் பயந்தவன் சீரழிந்தான் என்பது அவர் விஷயத்தில் அப்படியே பலித்தது.

இரண்டாவது நோட்டு பதினான்கு இலக்கத்தில் முடிந்தது. மூன்றாவது இருபதில். ஒரு வகுத்தலைக் கம்ப்யூட்டரில் போட்டுச் சரிபார்த்தார். மீதி இலக்கம் பிசகாமல் இருந்தது. மூன்றாவதைச் சரிபார்க்கத் துணியவில்லை. அது வந்த அன்று இரவெல்லாம் யோசித்து ஒன்றைப் புரிந்துகொண்டார். பத்தொன்பது ஒன்றுகளைக் கொடுத்திருக்கலாம், இருபத்து மூன்றைக் கொடுத்திருக்கலாம். அவை பகா எண்கள், அவள் எந்நாளும் வந்திருக்க மாட்டாள். டைரியை விரித்துக் காட்டும் ஆசையில் விடை உள்ளதாகப் பார்த்துக் கொடுத்தார். பகு எண்ணுக்குக் காரணி இருந்தே தீரும். தேடுகிறவருக்கு நேரம் இருந்தால் கிடைத்தே தீரும். உயிரோடு இருந்தவரை அவளுக்கு நேரம் போதவில்லை. இப்போது அந்தக் குறை இல்லை.

கண்டுபிடிச்சுட்டு வா என்று சொன்னவர் அவர்தான்.

லாங் ஐலண்டுக்கு டிக்கெட் எடுத்தார். நேரில் போய் வெள்ளைச்சாமியிடம் சொல்லிவிடுவது, அந்தக் குழிமேட்டில் நின்று விடையை வாசித்துவிடுவது என்று முடிவு. ஜெட்டி வரை போனார். போட்டு ஊதியது. கோவிந்தராஜ் கை நீட்டினான். அந்தக் கையைப் பார்த்தார். ஊரே கூடி நிற்கும், ஏன் வந்தீர்கள் சார் என்று கேட்கும், என்ன சொல்வது?

"அடுத்த போட்டுல வரேன்," என்றார்.

"டீக் ஹை சார். இந்தாங்க, இது உங்களுக்கு."

நான்காவது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கடைசி வரியில் இருபத்தொன்பது இலக்கம்.

ஐந்தாவது நோட்டு செவ்வாய்க்கிழமை வரவில்லை. புதனும் வரவில்லை. "ஒண்ணும் இல்ல சார் இந்த ட்ரிப்ல," என்றான் கோவிந்தராஜ் போனில். அவருக்கு உயிர் வந்தது. வெட்கமில்லாமல் அன்று ரசம் வைத்து வயிறாரச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை மாலை. டிசம்பரில் அந்தத் தீவில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். நாலே முக்காலுக்கு முன்னறைச் சுவரில் வெயில் மங்கி, பெஞ்சுகளின் நிழல் தரையில் நீண்டு, தென்னையில் அடைகிற மைனாக்களின் கூச்சல் உச்சத்துக்குப் போயிற்று. கரண்ட் போனது. ஃபேன் சுற்றுவது குறைந்து குறைந்து, கடைசி முனகலோடு நின்றது. மைனாக்களும் நின்றன. எல்லாம் ஒரே சமயத்தில்.

சேற்று வாசனை.

சாத்திய கதவுக்கு அடியில் ஏதோ மினுங்கியது. மெல்லிய தண்ணீர். தரை ஓட்டின் இடுக்கு வழியாக வந்தது. ஒரு ஓடு. இரண்டு ஓடு.

சொக்கலிங்கம் நாற்காலியில் இருந்து எழவில்லை.

"மே ஐ கம் இன், சார்?"

மெதுவான குரல். மரியாதையான குரல்.

பதில் சொல்லாவிட்டால் போய்விடுவாள். போய்விடுவாளா? ஒரு மாதம் வராந்தாவில் நின்றவள்.

"மே ஐ கம் இன், சார்?"

நாளை மறுநாள் ருக்கு கப்பலில் இறங்குகிறாள். இதே கதவு வழியாகத்தான் அவள் வரவேண்டும்.

"மே ஐ..."

"வா," என்றார்.

கதவு திறந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பயத்தால் மட்டும் இல்லை. அந்த முகத்தைப் பார்க்க அவருக்கு யோக்கியதை இல்லை. வெறுங்கால்கள் தெரிந்தன, ஊறி வெளுத்து, கணுக்காலில் சிப்பி ஒட்டி. ஒவ்வொரு அடிக்கும் தரையில் தண்ணீர் பிரிந்தது. முதல் பெஞ்சு கிரீச்சிட்டது. ஒரு கை நோட்டை மேஜைமேல் வைத்து, கடைசி வரியைச் சுட்டிக்காட்டியது. நகம் இல்லாத விரல்.

241573142393627673576957439049.

மீதி: 0.

"சரியா சார்?"

"சரி."

"அப்ப இனிமே நான் வகுப்புக்கு வரலாமா சார்?"

இங்கேதான். இந்த இடத்தில்தான். உதயா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என் மேல்தான் தப்பு அம்மா, வீட்டுக்குப் போ என்று சொல்ல அவருக்கு இன்னொரு தடவை வாய்த்தது. நாக்கு எழுந்தது. ஆனால் கையும் எழுந்தது. கை சாக்பீஸை எடுத்துக்கொண்டது. இவள் போகவேண்டும். போய், திரும்பி வரவே கூடாது. அதற்கு ஒரு எண் உண்டு. முந்நூற்றுப் பதினேழு ஒன்றுகள். பகா எண், யார் வகுத்தாலும் வகுபடாது.

"இன்னும் ஒரு கணக்கு இருக்கு," என்றார். தன் குரலைத் தானே காதில் கேட்டுக் கூசிப்போனார்.

அவளுக்கு முதுகைக் காட்டிப் பலகையின் பக்கம் திரும்பினார். ஒன்று. ஒன்று. ஒன்று. சாக்பீஸ் டக் டக்கென்றது. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அது பகு எண்ணாகிவிடும், மறுபடி வந்துவிடுவாள். எண்ணி எண்ணி எழுதினார். பின்னால் அவளும் எண்ணினாள், முணுமுணுப்பாக, பால்வாடிக் குழந்தை மாதிரி. குளிர்ந்த தண்ணீர் அவர் குதிகாலைத் தொட்டது.

"முந்நூத்தி பதினாறு... முந்நூத்தி பதினேழு," என்றாள். "எழுதிக்கிட்டேன் சார்."

"இதுக்கு விடை கண்டுபிடிச்சுட்டு..."

"இந்தத் தடவை வெளிய போகச் சொல்லாதீங்க சார்." கெஞ்சல்தான். "தூரமா இருக்கு. இருட்டா இருக்கு. இங்கயே ஒக்காந்து போடறேன். விடை கெடைக்கிற வரைக்கும்."

அவர் நெற்றி பலகையில் முட்டியது.

விடை கிடைக்கிற வரைக்கும்.

"நோட்டு தீந்துடுச்சு சார். இதுல எழுதட்டுமா?"

மேஜையில் எதையோ இழுக்கும் சத்தம். தடித்த அட்டை திறக்கும் சத்தம். டைரி. போன வருஷ டைரி. அவர் அதில் அதிகம் எழுதியதில்லை. ஜனவரி முழுக்க வெற்றுப் பக்கம். நாளுக்கு ஒரு பக்கம், தாளுக்கு இரண்டு நாள். பிப்ரவரி ஒன்பதில் மட்டும் சிவப்பு மை, தேதியோடு.

"வேண்டாம்," என்று சொல்ல நினைத்தார். ஏன் சார் என்று கேட்டால்?

பென்சில் ஓடத் தொடங்கியது. கர், கர், கர். நிறுத்தாமல். ஒரு பக்கம் முடிய மூச்சு பத்துகூட ஆகவில்லை. ஈரத் தாள் திரும்பியது. ஜனவரி இரண்டு, மூன்று. கர், கர். மறுபடி திரும்பியது.

திரும்பிப் பார்க்காமல் நின்றார். இருபதாவது திருப்பலில் அந்தப் பக்கம் வரும். போனில் ருக்குவின் அழைப்பு அதிர்ந்தது. அதிர்ந்து ஓய்ந்தது. ஏழு. எட்டு. தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது. பதின்மூன்று. சொல்லிவிடு. இப்போதாவது சொல்லிவிடு. பதினாறு. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. பதினெட்டு.

பத்தொன்பது. கர், கர், கர்.

தாள் திரும்பியது.

பென்சில் சத்தம் நின்றது.